அணையாத அழல்: நாள்பட்ட அழற்சியும் நோயாளிப் பராமரிப்பும்



நோயுற்றோரைச் சந்திக்க வீடு வீடாகச் செல்லும்போது நாம் அடிக்கடி கேட்கும் சொற்கள் உண்டு. “எல்லா மருந்தும் கொடுத்துப் பார்த்தாச்சு சாமி, ஆனா ஆறமாட்டேங்குது.” ஒரு வீட்டில் அது சர்க்கரை நோயாளியின் பாதத்தில் உள்ள புண். இன்னொரு வீட்டில், பக்கவாதத்தால் படுத்துவிட்ட தாயின் இடுப்பில் உள்ள படுக்கைப்புண். வேறொரு வீட்டில், காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் தவிக்கும் ஒருவரின் மூட்டுவீக்கம்.

இவை வெவ்வேறு நோய்களாகத் தோன்றினாலும், இவற்றின் அடியில் ஒரே நிகழ்வுதான் நடந்துகொண்டிருக்கிறது. மருத்துவம் அதை ‘நாள்பட்ட அழற்சி’ என்று அழைக்கிறது. இது ஏன் உண்டாகிறது? நோயாளியின் அருகில் இருக்கும் செவிலியரும், மகளும், மருமகளும், மனைவியும் இதில் என்ன செய்ய முடியும்? இதுபற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

அழற்சி நம் எதிரியா?

‘அழல்’ என்றால் நெருப்பு. அழற்சி என்ற சொல்லிலேயே நெருப்பு இருக்கிறது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமை எழுத்தாளர் செல்சுஸ் என்பவர், அழற்சியின் நான்கு அடையாளங்களை எழுதி வைத்தார். சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்பவையே அவை. அந்த உறுப்பு தன் வேலையைச் செய்ய முடியாமல் போவது என்ற ஐந்தாவது அடையாளம் பின்னாளில் சேர்க்கப்பட்டது.

அழற்சி ஒரு தீமை என்றுதான் நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவல்ல. காலில் முள் குத்தியதும் அந்த இடத்தில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிவடைகின்றன. இரத்தம் மிகுதியாகப் பாய்வதால் சிவப்பும் சூடும் உண்டாகின்றன. குழாய்களிலிருந்து நீர் கசிவதால் வீக்கம் ஏற்படுகிறது. நரம்புகள் தூண்டப்படுவதால் வலிக்கிறது. அந்த வழியாக வெள்ளையணுக்கள் வெளியேறி, காயம்பட்ட இடத்திற்கு விரைகின்றன. இரஷ்ய அறிவியலாளர் மெச்னிகோவ், 1882-ஆம் ஆண்டு இத்தாலியின் மெசினா நகரில், உடல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுகளில் சிறு முட்களைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தபோது, முட்களைச் சுற்றி உயிரணுக்கள் கூடி நின்றதைக் கண்டார். 1908-ஆம் ஆண்டு அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது.

ஆகவே அழற்சி என்பது உடலின் தற்காப்பு. கிருமியை அழித்து, குப்பையை அகற்றி, புதிய தசை வளர இடம் ஒதுக்கிவிட்டு, சில நாட்களில் அது தானாகவே அடங்கிவிட வேண்டும். அவ்வாறு அடங்காமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தொடரும்போதுதான் அது நாள்பட்ட அழற்சியாகிறது. அப்போது, நம்மைக் காக்க வந்த அந்த நெருப்பே நம் வீட்டை எரிக்கத் தொடங்குகிறது.

ஏன் அடங்குவதில்லை?

இதற்கான காரணங்களை நான்கு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, கிருமி வெளியேறாமல் தங்கிவிடுவது. காசநோய், தொழுநோய் ஆகியவற்றின் கிருமிகள் அவற்றை விழுங்கும் வெள்ளையணுக்களுக்கு உள்ளேயே உயிர்வாழக்கூடியவை. உடல் அவற்றை அழிக்கவும் முடியாமல், விட்டுவிடவும் முடியாமல் நீண்ட காலம் போராடுகிறது.

இரண்டாவது, காயப்படுத்தும் பொருள் அங்கேயே இருப்பது. புகையிலைப் புகை, விறகு அடுப்பின் புகை, கல்லுடைக்கும் இடத்தில் நுரையீரலுக்குள் போகும் தூசி, சரியாகப் பொருந்தாத பல்செட், எலும்பின் மேல் விழும் ஓயாத அழுத்தம் ஆகியவை இவ்வகை. ஒவ்வொரு நாளும் புதிய முள் குத்தினால் பழைய காயம் எப்படி ஆறும்?

மூன்றாவது, உடல் தன்னையே அன்னியனாக எண்ணித் தாக்குவது. முடக்குவாதமும் லூபஸ் நோயும் இவ்வகையைச் சேர்ந்தவை.

நான்காவது, உடலின் பொது நிலையே அழற்சிக்குச் சாதகமாக மாறிவிடுவது. கட்டுப்பாடற்ற சர்க்கரை, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, தூக்கமின்மை, ஓயாத மன அழுத்தம், முதுமை ஆகியவை இதில் அடங்கும். கொழுப்பு என்பது வெறும் சேமிப்புக் கிடங்கு என்றே முன்பு எண்ணினர். ஆனால், கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் பொருளைத் தானே சுரக்கிறது என்பதை 1993-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினர்.

இந்த நான்கும் ஒரே மனிதரிடம் ஒன்றுசேர்வதும் உண்டு. எனவேதான், “இவருக்கு எந்த மருந்து?” என்று கேட்பதற்கு முன்பு, “இவரிடம் இந்த நெருப்பை மூட்டிக்கொண்டே இருப்பது எது?” என்று கேட்பது அவசியமாகிறது.

வயிற்றுப்புண் கற்றுத்தந்த பாடம்

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வயிற்றுப்புண்ணே சிறந்த சான்று. பல ஆண்டுகளாக, கவலையும் காரமும் அமிலமுமே வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் என்று கருதப்பட்டது. அமிலத்தைக் குறைக்கும் மருந்தை உட்கொண்டால் புண் ஆறும். நிறுத்தினால் மீண்டும் வரும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இராபின் வாரன் என்ற மருத்துவர், அழற்சியுற்ற இரைப்பைத் திசுக்களில் வளைந்த வடிவிலான கிருமிகளைக் கண்டார். அவரோடு இணைந்து உழைத்த இளம் மருத்துவர் பேரி மார்ஷல், 1984-ஆம் ஆண்டு அந்தக் கிருமிகள் கலந்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாட்களில் அவரது இரைப்பையில் அழற்சி உண்டானது. இன்று பெரும்பாலானோரின் வயிற்றுப்புண்ணை, சில நாட்கள் உட்கொள்ளும் கிருமிக்கொல்லி மருந்துகளால் குணமாக்க முடிகிறது. 2005-ஆம் ஆண்டு இருவருக்கும் நொபெல் பரிசு வழங்கப்பட்டது. காரணம் அகற்றப்பட்டதும் நெருப்பும் அணைந்தது.

வேலூரில் தெளிவான உண்மை

நம் மண்ணிலும் இத்தகைய ஒரு கண்டுபிடிப்பு நடந்தது. கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு ஆங்கிலேய மறைப்பணியாளர்களின் மகனாகப் பிறந்த பால் பிராண்ட், அறுவை மருத்துவராகி 1946-ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அக்காலத்தில், தொழுநோயே விரல்களைத் தின்றுவிடுகிறது என்று மக்கள் நம்பினர். புண் ஆறாமல் இருப்பதற்கும் நோயின் இயல்பே காரணம் என்றனர். பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் நோயாளிகளின் அன்றாட வாழ்வைக் கூர்ந்து கவனித்தபோது வேறோர் உண்மை தெரிந்தது. தொழுநோய் நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியை அழிக்கிறது. உணர்ச்சியற்ற கை சூடான பாத்திரத்தைத் தூக்குகிறது. உணர்ச்சியற்ற பாதம் ஆணியின் மேலும் நடக்கிறது. வலி இல்லாததால், புண்பட்ட பாதத்தின் மேலேயே அந்த மனிதர் மீண்டும் மீண்டும் நடக்கிறார். காயத்தின் மேல் காயம், அழற்சியின் மேல் அழற்சி என்று தொடர்ந்து, இறுதியில் எலும்பும் கரைகிறது. புண்ணுக்கு ஓய்வு கொடுத்துப் பாதுகாத்தால் அந்தப் பாதமும் மற்றவர்களின் பாதத்தைப் போலவே ஆறியது. மென்மையான இரப்பர் செருப்புகள் தொழுநோயாளிகளின் பாதங்களைக் காக்கும் கருவியாக ஆனது இந்தப் புரிதலால்தான்.

பிற்காலத்தில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றியபோது, பாதத்தில் புண் தோன்றுவதற்கு முன்பே அந்த இடம் மற்ற இடங்களைவிடச் சூடாக இருப்பதை அவர் வலியுறுத்தினார். 2003-ஆம் ஆண்டு அவர் மறைந்தார். ஆனால் அவர் கற்றுத்தந்த பாடம் இன்று நம் குடும்பங்களில் உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு அப்படியே பொருந்துகிறது. சர்க்கரை நோயும் பாத நரம்புகளின் உணர்ச்சியைக் கொல்கிறது. எனவே, இரவில் அப்பாவின் இரு பாதங்களையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு பாதத்தில் ஓர் இடம் மட்டும், மற்றப் பாதத்தின் அதே இடத்தைவிடச் சூடாக இருந்தால், அங்கே அழல் மூண்டுவிட்டது என்று பொருள். அந்தக் காலுக்கு உடனே ஓய்வு தேவை. மருத்துவரையும் பார்க்க வேண்டும். “வலியே இல்லை” என்று அவர் சொல்வது ஆறுதல் அல்ல, அதுவே எச்சரிக்கை.

படுக்கையில் இருப்பவர்

படுக்கைப்புண்ணுக்கும் இதே கேள்வியைக் கேட்போம். செவிலியர் பணிக்கு வழிகாட்டியான ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், படுக்கைப்புண் பொதுவாக நோயின் விளைவு அல்ல, பராமரிப்பின் குறையே என்று ஏறக்குறைய 165 ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். சொந்தம்பந்தம் யாவரும் வேலைக்குச் சென்றுவிட, ஒரே ஒருவர் இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் நம் வீடுகளில், இதைக் குற்றச்சாட்டாகச் சொல்வது நியாயமாகாது. ஆனால் இதில் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. பராமரிப்பில் பிறக்கும் புண்ணைப் பராமரிப்பாலேயே பெரும்பாலும் தடுக்கவும் முடியும்.

எலும்பு துருத்தி நிற்கும் இடங்களான அடிமுதுகு, இடுப்பு, குதிகால், முழங்கை ஆகியவற்றில் உடலின் எடை ஓயாமல் அழுத்துகிறது. இரத்த ஓட்டம் நின்று தசை வாடுகிறது. சிறுநீரும் வியர்வையும் தோலை ஊறவைக்கின்றன. புரதச் சத்து குறைந்த உணவால் புதிய தசை வளர்வதில்லை. நோயாளியை இழுத்து நகர்த்தும்போது தோல் உராய்ந்து கிழிகிறது. இந்த நான்கும் இருக்கும்வரை, எந்தக் களிம்பைத் தடவினாலும் புண் ஆறாது.

இங்கே நம்மவர்கள் தவறாமல் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. படுக்கைப்புண்ணின் முதல் அடையாளம், விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்று புத்தகங்கள் சொல்லும். ஆனால் நம்முடைய கரிய, மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல், கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா? கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா? நிறம் சற்றுக் கருத்திருக்கிறதா? அப்படியானால் அந்த இடத்தின் மேல் இனி எடை விழக்கூடாது. அந்த இடத்தைத் தேய்த்துவிடவும் கூடாது. தேய்ப்பது உள்ளே நைந்திருக்கும் தசையை மேலும் நைக்கும். காற்றடைத்த வளையத்தின் மேல் அமர்த்துவதும் நல்லதல்ல. அது வளையத்தைச் சுற்றிலும் இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, குதிகால்கள் மெத்தையில் படாதவாறு கெண்டைக்காலின் கீழ் தலையணை வைப்பது, நனைந்த துணியை உடனே மாற்றுவது, முட்டை, பருப்பு, பால், மீன் என்று இயன்ற அளவு புரதம் கொடுப்பது ஆகியவையே இங்கே முதன்மையான மருந்துகள்.

யாரும் பார்க்காத வாய்

முதியோர் பராமரிப்பில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது வாய். ஈறுகளில் தங்கும் அழுக்கும் கிருமியும் ஆண்டுக்கணக்கில் ஓர் அழற்சியை அமைதியாக வளர்க்கின்றன. சர்க்கரை நோய் ஈறு நோயை மிகைப்படுத்துகிறது. ஈறு நோயோ சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகும் முன்பு, பல் துலக்கும்போது ஈறிலிருந்து இரத்தம் வருகிறதா என்று பார்ப்பது நல்லது. தானாகப் பல் துலக்க முடியாதவர்களுக்கு மென்மையான பிரஷ் கொண்டு நாள்தோறும் இருமுறை வாயைத் தூய்மை செய்வதும், பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி வைப்பதும் சிறிய செயல்கள்தாம். ஆனால் அவை அணைக்கும் நெருப்பு சிறியதல்ல.

நெருப்பை மறைக்கும் மாத்திரைகள்

பல வீடுகளில் காரணம் தேடப்படாமல் போவதற்கு, கடையில் எளிதாகக் கிடைக்கும் வலி மாத்திரையும் ஒரு காரணம். ஆஸ்பிரின் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை 1971-ஆம் ஆண்டு பிரித்தானிய அறிவியலாளர் ஜான் வேன் கண்டறிந்தார். அழற்சியைத் தூண்டும் ஒரு பொருளை உடல் தயாரிப்பதை அது தடுக்கிறது. ஆனால் அதே வகைப் பொருள்தான் இரைப்பையின் உட்சுவரையும் சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தையும் காக்கிறது. எனவே டைகுளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவற்றை மருத்துவர் ஆலோசனையின்றி மாதக்கணக்கில் விழுங்கினால், இரைப்பையில் இரத்தக் கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படலாம். முதியோருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளோருக்கும் இந்த ஆபத்து மிகுதி.

ஸ்டீராய்டு மருந்துகளும் இவ்வாறே இருபுறமும் கூர்மையானவை. டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று 2020-ஆம் ஆண்டு பிரித்தானிய ஆய்வு காட்டியது. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அது பயன் தரவில்லை. 2021-ஆம் ஆண்டு நம் நாட்டில் பரவலாகக் காணப்பட்ட கருப்புப் பூஞ்சை நோயோடு, கட்டுப்பாடற்ற சர்க்கரையும் முறையற்ற ஸ்டீராய்டு பயன்பாடும் தொடர்புடையவையாக இருந்தன. அதேவேளை, முடக்குவாதம் போன்ற நோய்களுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டை நாமாகத் திடீரென்று நிறுத்துவதும் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் ஒரு சொல். 1930-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட இந்தப் புரதம், உடலில் அழற்சி இருக்கும்போது இரத்தத்தில் உயர்கிறது. ஆனால் அது, “வீட்டில் எங்கோ தீப்பிடித்திருக்கிறது” என்று மட்டுமே சொல்லும். எந்த அறையில் என்று சொல்லாது. அந்த அறையைக் கண்டுபிடிக்க, நோயாளியின் அருகில் இருப்பவரின் கண்ணும் கையும் தேவை. எப்போது தொடங்கியது, எப்போது கூடுகிறது, காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது, என்ன சாப்பிடுகிறார், என்னென்ன மாத்திரைகளைத் தானாக வாங்கி உட்கொள்கிறார் என்பவற்றை ஒரு நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டினால், அது பல பரிசோதனைகளுக்குச் சமம். புண்ணில் சீழ், துர்நாற்றம், கருமை, பரவும் வீக்கம் ஆகியவை தெரிந்தாலும், முதியவர் திடீரெனக் குழப்பமாகப் பேசினாலும் காத்திருக்கக் கூடாது. முதியோருக்குக் காய்ச்சல் இல்லாமலேயே கடும் தொற்று வரக்கூடும்.

பராமரிப்பவரின் உடல்

இறுதியாக, நாம் எளிதில் மறந்துவிடும் இன்னொருவர் இருக்கிறார். 1995-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவரது குழுவினரும் ஒரு சிறிய ஆய்வை நடத்தினர். நினைவிழப்பு நோயுற்ற உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களின் கையிலும், அத்தகைய சுமை இல்லாத 13 பெண்களின் கையிலும் ஒரே அளவிலான மிகச் சிறிய காயம் உண்டாக்கப்பட்டது. பராமரிக்கும் பெண்களின் காயம் ஆறுவதற்குச் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாக ஆயின. நினைவிழப்பு நோயுற்ற வாழ்க்கைத் துணையைப் பராமரிப்பவர்களை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அவரது மற்றோர் ஆய்வு 2003-ஆம் ஆண்டு வெளியானது. அவர்களது இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஒரு பொருள், மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் உயர்ந்ததை அது கண்டது. பராமரிக்கப்பட்டவர் இறந்து சில ஆண்டுகள் ஆன பின்னரும் அந்த வேகம் குறையவில்லை.

அதாவது, நோயாளியின் நெருப்பை அணைக்க இரவெல்லாம் விழித்திருப்பவரின் உடலிலும் அதே நெருப்பு மூள்கிறது. இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்வது எளிது. இரவு பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து என்று ஆண்டுக்கணக்கில் எழுந்திருப்பவர் யார்? பெரும்பாலும் ஒரு பெண், பெரும்பாலும் தனியாக, அவரது சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் யாரும் கேட்பதில்லை.

நாள்பட்ட அழற்சிக்கான காரணத்தைத் தேடும்போது, நோயாளியின் உடலோடு நின்றுவிடாமல் அந்த வீட்டையும் பார்க்க வேண்டும். நோயாளியைப் பார்க்கச் செல்லும் நாம் ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கிச் செல்கிறோம். அவற்றோடு இன்னொன்றையும் கேட்போம்: “இன்னிக்கு ராத்திரி நான் பார்த்துக்கிறேன், நீங்க படுத்துத் தூங்குங்கம்மா.” வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புவதோடு, மாதத்தில் இரண்டு இரவுகளையாவது தங்கள் முறையாக ஏற்கட்டும். அன்பியத்தினர், வாரம் ஒரு பகல் ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். பராமரிப்பவர் அந்த நேரத்தில் தன் உடலைப் பரிசோதித்துக்கொள்ளவும், நிம்மதியாகக் குளித்துச் சாப்பிடவும் இயலும். நம் பங்கில், நம் தெருவில், அப்படி விழித்திருக்கும் ஒருவர் யார் என்று இந்த வாரம் விசாரித்து அறிவோம்; அவருக்கு ஓர் இரவு தூக்கத்தையாவது கொடுக்க முயல்வோம்.